வீடு பார்க்கும் முன் சென்கோவைப் பாருங்கள்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. போன வருடம் ஏ.டி.எச்.டி. (கவனச் சிதறலும் அதீதத் துறுதுறுப்பும்) என்று கண்டறிந்தார்கள். அதற்கு மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை கொடுத்துவருகிறோம். கணவருக்கு இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வேலை கிடைத்திருக்கிறது, ஆகஸ்டில் கிளம்புகிறோம். "பள்ளியில் இதைச் சொன்னால் இடம் தரமாட்டார்கள். முதலில் சேர்ப்போம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் அவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. எப்படிப்பட்ட பள்ளியைத் தேடுவது? மாத்திரையை இங்கேயே நிறுத்திவிட்டுப் போகலாம் என்கிறார் மாமியார். அது சரியா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: உங்கள் கணவரின் பயம் எனக்குப் புரிகிறது. இங்கே அட்மிஷன் அறையில் பையன் நாற்காலியை விட்டு இரண்டு முறை எழுந்ததுமே, "சீட் எல்லாம் நிரம்பிவிட்டது" என்று கை விரித்த பள்ளிகளைப் பற்றி எத்தனையோ பெற்றோர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பயத்தை லக்கேஜோடு ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். இங்கிலாந்தின் அரசு ஆரம்பப் பள்ளிகளில் நேர்காணல் வைத்துப் பொறுக்கும் வழக்கம் கிடையாது. பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவை என்பதைக் காரணம் காட்டி இடம் மறுக்கவும் கூடாது. தனியார் பள்ளிகள் தங்களுக்கென்று தேர்வுமுறை வைத்திருக்கும். ஆனால் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அவற்றுக்கும் உண்டு.

மறைத்தால் என்ன ஆகும்? செப்டம்பரில் பையன் வகுப்பில் எழுந்து நடப்பான், பக்கத்துப் பையனின் பென்சிலை எடுப்பான். காரணம் தெரியாத ஆசிரியர் அதை ஒழுங்கின்மை என்றுதான் எழுதிவைப்பார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் கழுவுவது கஷ்டம். இந்த விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான்.

அங்கே அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் சென்கோ என்று ஓர் ஆசிரியர் இருப்பார். கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்குப் பொறுப்பு அவர்தான். நீங்கள் தேட வேண்டியது பள்ளியின் பெயரை அல்ல, இவரைத்தான். பள்ளிகளைச் சோதிக்கும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டின் ஆய்வு அறிக்கையைப் படியுங்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் மகனின் திங்கட்கிழமை எப்படிப் போகும் என்பது அந்த அறிக்கையில் இருக்காது. அதற்குப் பள்ளியின் இணையதளத்திலேயே சிறப்புத் தேவை பற்றிய தகவல் அறிக்கை இருக்கும். வெளியிட வேண்டியது சட்டப்படி கட்டாயம். அதைப் படித்துவிட்டு சென்கோவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்.

ஒரு சிக்கல், அங்கே ஜூலை கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை பள்ளி விடுமுறை. ஆகஸ்டில் போய் இறங்கி போன் செய்தால் எடுக்க ஆள் இருக்காது. அதனால் ஜூன் மாதமே எழுதுங்கள், முடிந்தால் வீடியோ அழைப்பில் பேசுங்கள். பள்ளி இடத்துக்கு நகர மன்றத்தின் வழியாகவோ, சில பள்ளிகளில் நேரடியாகவோ விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். எந்தப் பள்ளியில் நான்காம் வகுப்பில் இடம் காலி என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பகுதியில் வாடகைக்குப் பாருங்கள். நம்மவர்கள் பெரும்பாலும் அலுவலகத்துக்குப் பக்கத்தில் வீட்டைப் பிடித்து அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் பள்ளியைப் பற்றியே யோசிக்கிறார்கள்.

சென்கோவிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் அனுமதி என்றால், நான் இதைக் கேட்பேன்: "பிள்ளை வேலையை முடிக்காவிட்டால் விளையாட்டு இடைவேளையில் உள்ளே உட்கார வைப்பீர்களா?" ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைக்கு அந்தப் பதினைந்து நிமிட ஓட்டம் மருந்து மாதிரி. தண்டனை என்று அதைப் பிடுங்கும் பள்ளியில், மதியத்துக்குள் வகுப்பே கலவரமாகிவிடும். "இல்லை, நடுநடுவே நாங்களே எழுந்து நடக்க விடுவோம், வருகைப் பதிவேட்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோகச் சொல்வோம்" என்று பதில் வந்தால் மேற்கொண்டு பேசுங்கள். "எங்கள் பள்ளியில் எல்லாரும் ஒழுங்காக உட்காருவார்கள்" என்று பெருமையாகச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பள்ளியைப் பாருங்கள்.

உதவி பெற டாக்டரின் சான்றுதான் வேண்டும் என்றில்லை, தேவை இருந்தாலே பள்ளி தொடங்க வேண்டும். அது போதாதபோது இ.எச்.சி.பி. (கல்வி, சுகாதாரம், பராமரிப்புத் திட்டம்) என்று அந்தப் பிள்ளைக்கென்றே எழுதப்படும் சட்டபூர்வமான திட்டம் உண்டு. பள்ளி தயங்கினாலும் பெற்றோரே நகர மன்றத்துக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். சட்டப்படி 20 வாரத்தில் முடிய வேண்டும், நடைமுறையில் இழுக்கும். எல்லாப் பிள்ளைக்கும் அது தேவைப்படாது.

இன்னொன்றில் நம் வீட்டுப் பிள்ளைகள் அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். வீட்டில் தமிழ், போன இடத்தில் புது உச்சரிப்பு. கவனம் சிதறினால், "ஆங்கிலம் பழகட்டும், நாள் கொடுங்கள்" என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்வார்கள். ஒரு வருடம் ஓடிவிடும். 'தமிழிலும் இவன் இப்படித்தான்' என்பதற்கு உங்களிடம் காகிதம் இருக்க வேண்டும். மருத்துவ அறிக்கையோடு, இப்போதைய வகுப்பு ஆசிரியையிடம் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். பாராட்டுக் கடிதம் வேண்டாம். எந்த இடத்தில் உட்கார வைத்தால் எழுதுகிறான், எத்தனை நிமிடத்தில் எழுந்துவிடுகிறான், எப்படிச் சொன்னால் கேட்கிறான் என்பது மட்டும் போதும்.

இனி மாத்திரை. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: ஊர், வகுப்பு, நண்பர்கள், குளிர் எல்லாமே ஒரே நேரத்தில் மாறும்போது மருந்தையும் நிறுத்திப் பார்ப்பது வேண்டாத பரிசோதனை. நிறுத்துவது, குறைப்பது எதுவானாலும் உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். மெத்தில்ஃபெனிடேட் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. மருந்தின் பெயர், அளவு, எத்தனை மாத்திரை என்று எழுதிய டாக்டர் கடிதம் கையில் இருக்க வேண்டும். மூன்று மாதமோ அதற்கு மேலோ தங்கப் போகிறவர்களிடம் பிரிட்டன் உள்துறை அமைச்சகம் தனி உரிமம் கேட்கும், அதற்கும் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். போய்ச் சேர்ந்த வாரமே ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்யுங்கள். அவர் சிறப்பு மருத்துவரிடம் அனுப்புவார், அந்த வரிசை நீளம். மருந்துச் சீட்டுக்குக் குழந்தைகளிடம் காசு வாங்குவதில்லை என்பது ஓர் ஆறுதல்.

ஆகஸ்டில் அவர்கள் நேரம் நமக்கு நாலரை மணி பின்னால். பயண நாளில் மாத்திரையை எந்த ஊர்க் காலையில் கொடுப்பது என்றும் டாக்டரிடம் கேட்டு, அந்தக் கடிதத்தின் பின்பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.