சோபா கம் பெட் நடுவில் குழி விழுந்துவிட்டது. புது மெத்தை போட்டால் சரியாகுமா, சோபாவையே மாற்ற வேண்டுமா?

பகலில் உட்கார்ந்தால் பெரிதாகத் தெரியவில்லை, இரவில் விரித்துப் படுத்தால் இடுப்பு உள்ளே இறங்கி, காலையில் முதுகு பிடித்துக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நிலைமையில் பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படாது. குழி மெத்தையில் இருக்கிறதா, மெத்தைக்குக் கீழே இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அது தெரியாமல் மேலே இன்னொரு மெத்தை வாங்கிப் போடாதீர்கள். பள்ளத்தின் மேல் பாய் விரித்தால் பாயும் பள்ளமாகத்தான் கிடக்கும்.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. மெத்தையைத் தனியாக எடுக்க முடிகிற மாதிரி என்றால், அதைத் தரையில் போட்டு ஒரு பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள். தரையிலும் இடுப்பு இறங்கினால் மெத்தைதான் போய்விட்டது. தரையில் நன்றாக இருந்தால் மெத்தை மேல் தப்பில்லை, அடியில்தான் ஏதோ விட்டிருக்கிறது. என் அனுபவத்தில் பாதிக்கு மேல் இரண்டாவதுதான்.

முதுகுப்பக்கத்தைச் சாய்த்துப் படுக்கையாக்கும் மாதிரியில் மெத்தை சட்டத்தோடு ஒட்டி இருக்கும், எடுக்க முடியாது. அதற்கு ஒரு நேரான கட்டையையோ, இழுத்துப் பிடித்த நூலையோ இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வைத்து, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளந்து பாருங்கள். அப்புறம் ஒருவரை உட்கார வைத்து மறுபடி அளந்து பாருங்கள். ஆள் இல்லாதபோதே நல்ல இடைவெளி இருந்தால் ஃபோம் நிரந்தரமாக அமுங்கிவிட்டது, அல்லது சட்டம் வளைந்துவிட்டது. ஆள் உட்காரும்போது மட்டும் ஒரு பக்கம் திடீரென்று இறங்கினால் ஸ்பிரிங்கோ பட்டையோதான் காரணம். சத்தமும் உதவும். உட்காரும்போது 'டிங்' என்று கம்பி அதிர்ந்தால் ஸ்பிரிங், 'கிரீச்' என்று முனகினால் மர இணைப்பு.

இந்த மாதிரியில் இன்னொரு விஷயம். பகலில் உட்காரும் பாதிதான் அமுங்கும், முதுகு சாயும் பாதி புதிது போலவே இருக்கும். அதனால் படுக்கும்போது நடுவில் ஒரு படி மாதிரி உறுத்தும். எல்லோரும் அதைக் குழி என்கிறார்கள், உண்மையில் ஒரு பாதி மட்டும் தாழ்ந்திருக்கிறது. அதுவும் டிவிக்கு நேர் எதிரே இருக்கும் இடம்தான் எந்த வீட்டிலும் முதலில் தாழும்.

கோளாறு அடியில் என்று தெரிந்தால் சோபாவைக் கவிழ்க்க வேண்டும். அதற்கு முன் மடிக்கும் பகுதியைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிடுங்கள். கட்டாமல் கவிழ்த்தால் இரும்புச் சட்டம் தானாக விரிந்து விரலை நசுக்கும். கவிழ்ப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். அடியில் ஒரு கறுப்புத் துணி ஸ்டேப்ளர் பின் போட்டு அடிக்கப்பட்டிருக்கும், அதை ஒரு பக்கம் மட்டும் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

எங்கள் வீட்டு சோபாவில் துணியைப் பிரித்ததுமே தெரிந்தது. நெளிநெளியான ஜிக்ஜாக் ஸ்பிரிங் வரிசையில் நடுவில் இரண்டு மட்டும் ஒரு முனை கழன்று தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றைப் பிடித்திருந்த கிளிப் உடையவில்லை. கிளிப்பைச் சட்டத்தோடு பிணைத்த ஆணிதான் பாதி வெளியே வந்திருந்தது. ஆணி இருந்த துளை உருண்டையாக இல்லாமல் நீள்வட்டமாக இழுபட்டு, சுற்றிலும் மரத்தூள் படிந்திருந்தது. அதாவது, ஒவ்வொரு முறை யாராவது தொப்பென்று உட்காரும்போதும் ஆணி கொஞ்சம் கொஞ்சமாக ஆடி வந்திருக்கிறது. இப்படிப்பட்ட துளையிலேயே மறுபடி ஆணி அடித்தால் நிற்காது. கிளிப்பை இரண்டு செ.மீ. தள்ளி வைத்து, ஆணிக்குப் பதில் ஸ்குரூ போட வேண்டும். மரம் பிளக்காமல் இருக்க முதலில் சிறிய டிரில்லால் துளை போட்டுக்கொள்ளுங்கள். சட்டத்தின் பருமனைவிட ஸ்குரூ நீளமாக இருந்தால் மறுபக்கம் துணியைக் குத்தும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழன்ற ஸ்பிரிங்கை மறுபடி கிளிப்பில் மாட்டுவதுதான் கொஞ்சம் கஷ்டம். வெறும் கையால் இழுத்து மாட்ட முயல வேண்டாம். முனைக்கு அருகில் உள்ள வளைவில் தடித்த நைலான் கயிற்றைக் கோத்து, முகத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு இழுங்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம், கை நழுவினால் கம்பி அடிக்கிற அடி லேசானதல்ல. மாட்டுவதற்கு முன் அதைக் கழற்றி, ஓரத்தில் அதிகம் உழைக்காமல் கிடக்கும் ஸ்பிரிங்கின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீளம் கூடியிருந்தால் அது இழுபட்டுவிட்டது, மாட்டினாலும் தொய்ந்துதான் நிற்கும். ஓரத்து ஸ்பிரிங்கை மாதிரியாக எடுத்துப் போய் அதே நீளம், அதே பருமனில் வாங்குங்கள். எல்லாம் மாட்டியபின் ஸ்பிரிங்குகளைக் குறுக்கே உறுதியான கயிற்றால் ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டினால், ஒருவர் உட்காரும் பாரம் ஒரே ஸ்பிரிங்கில் விழாமல் பக்கத்து ஸ்பிரிங்குகளும் தாங்கும். பெரும்பாலும் தொழிற்சாலையில் இதை ஏற்கெனவே செய்திருப்பார்கள். அந்தக் கயிறோ கம்பியோ அறுந்ததுதான் பல சமயம் தொய்வின் தொடக்கம்.

ஸ்பிரிங்குக்குப் பதில் எலாஸ்டிக் பட்டை பின்னிய சோபா என்றால் வேலை இன்னும் சுலபம். நடுவில் உள்ள பட்டைகளை விரலால் சுண்டிப் பாருங்கள், தளர்ந்திருந்தால் உடனே தெரியும். ரப்பர் காய்ந்து மேலே வெடிப்பு இருந்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது. தளர்ந்த இரண்டை மட்டும் மாற்றினால் பாரம் புதிய பட்டைகளில் ஏறி, பழையது பக்கத்தில் புதிதாக ஒரு பள்ளம் போடும். புதுப் பட்டையை இயல்பான நீளத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக இழுத்து அடிக்க வேண்டும். முனையை ஒரு முறை அடித்து, மடித்து, மறுபடி அடித்தால்தான் ஸ்டேப்ளர் பின் கிழித்துக்கொண்டு வராது.

உள்ளிருந்து இழுத்து விரிக்கும் மாதிரியில் இரும்புச் சட்டத்தின் நடுவே ஒரு தடித்த துணியோ வலையோ இருக்கும், சுற்றிலும் சிறு சுருள் ஸ்பிரிங்குகள் அதை இழுத்துப் பிடித்திருக்கும். அவற்றில் கொக்கி திறந்ததும், நீண்டுபோனதும் கண்ணுக்கே தெரியும். இவற்றையும் செட்டாக மாற்றுங்கள். இந்த வகையில் யாரும் கவனிக்காத இடம் நடுக்கால். படுக்கையை விரித்து, ஒருவரைப் படுக்க வைத்து, நடுக்காலுக்கு அடியில் ஒரு காகிதத்தை நுழைத்து இழுத்துப் பாருங்கள். காகிதம் தாராளமாக வந்தால் அந்தக் கால் தரையைத் தொடவே இல்லை, முழுப் பாரமும் சட்டத்தின் நடுவில்தான் தொங்குகிறது. கால் வளைந்திருந்தால் நிமிர்த்துங்கள். குட்டையாக இருந்தால் அடியில் தடித்த ரப்பர் மூடி மாட்டினால் போதும். ஒரு ரப்பர் மூடியில் முடிகிற விஷயத்துக்கு மெத்தையை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மரச்சட்டம் விரிசல் விட்டிருந்தால் விரிசலில் பசை ஊற்றி ஆணி அடிப்பது நாலு நாள்கூட நிற்காது. உடைந்த சட்டத்தின் முழு நீளத்துக்கும் பக்கவாட்டில் இன்னொரு நல்ல மரக்கட்டையை வைத்து, மரப்பசை தடவி, ஸ்குரூ போட்டு இறுக்கி, ஒரு நாள் முழுக்க யாரையும் உட்கார விடாமல் வைத்திருங்கள். சட்டம் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை என்றால் அது ஸ்குரூவைப் பிடிக்காது, அந்தத் துண்டையே எடுத்துவிட்டுக் கட்டி மரமோ பிளைவுட்டோ போடுவதுதான் வழி.

பிளைவுட் பலகை ஒன்றை மெத்தைக்கு அடியில் வைத்தால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். அவசரத்துக்கு நல்ல யோசனைதான். 6 முதல் 9 மி.மீ. போதும், ஆனால் ஒரே பலகையாகப் போட்டால் படுக்கை மடியாது. மடிப்பு விழும் இடங்களில் வெட்டித் துண்டுகளாகப் போட வேண்டும். காற்றுப் போக ஆங்காங்கே துளை இடுங்கள், இல்லாவிட்டால் அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். கழன்ற ஸ்பிரிங்கை அப்படியே விட்டுவிட்டு மேலே பலகை போட்டால் பாரம் சட்டத்தின் ஓரங்களில் ஏறி, மிச்ச ஆணிகளும் ஆடத் தொடங்கும். அதனால் நான் இதை நிரந்தரத் தீர்வாகச் சொல்ல மாட்டேன்.

சரி, தரையில் போட்டுப் பார்த்ததில் மெத்தைதான் போய்விட்டது என்று தெரிந்தால் ஃபோமை மாற்றுங்கள். கடையில் டென்சிட்டி எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்தக் கணக்கு. தினமும் படுக்க 20 எல்லாம் ஆகாது, சீக்கிரம் அமுங்கிவிடும். 32 பரவாயில்லை, 40 கிடைத்தால் நல்லது. கையால் அழுத்தி 'கெட்டியாக இருக்கிறதே' என்று வாங்காதீர்கள், கெட்டியும் டென்சிட்டியும் வேறு வேறு. டென்சிட்டி குறைந்த ஃபோமைக்கூடக் கெட்டியாகச் செய்ய முடியும், ஆனால் அது உழைக்காது. உறையைவிட ஒரு செ.மீ. பெரிதாக வெட்டச் சொல்லுங்கள், அப்போதுதான் உறை சுருக்கம் விழாமல் நிறைந்து நிற்கும். தடிமனை மட்டும் இஷ்டத்துக்குக் கூட்டக் கூடாது. இழுத்து விரிக்கும் மாதிரியில் மடிந்து உள்ளே போகிற இடம் குறைவு. பழைய மெத்தை 10 செ.மீ. என்றால் புதியதும் 10 செ.மீ.தான். 15 போட்டு அமுக்கி மூடினால் கீல்கள் வளையும்.

அந்தக் கீல்களும், மடங்கி விரியும் இரும்புக் கைகளும் இருக்கும் மெக்கானிசம்தான் சோபாவை மாற்றுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் இடம். படுக்கையை விரித்து ஒரு மூலையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். மூட்டுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளின் துளைகள் பெருத்து எல்லா மூட்டும் கடகடவென்று ஆடினால், அல்லது சட்டத்தின் இரும்புக் குழாயில் மடிப்பு விழுந்திருந்தால், ஸ்பிரிங் மாற்றுவதில் பயனில்லை. அதே அளவு மெக்கானிசம் கிடைத்தால் இடது வலது இரண்டையும் ஜோடியாக மாற்றலாம். கிடைக்கவில்லை என்றால் அப்போது புது சோபா பாருங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்களுடையது அந்த அளவுக்குப் போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன். முதலில் மெத்தையைத் தரையில் போட்டுப் பாருங்கள், அப்புறம் நடுக்காலுக்கு அடியில் காகிதம். இரண்டிலும் என்ன தெரிந்தது என்று கருத்தில் எழுதினால், மேலே என்ன செய்வது என்று சொல்கிறேன்.