நைரோபிக்கு 11 மாத காண்ட்ராக்ட்: கிளம்பும் முன் போட வேண்டிய கணக்கு

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கிக்கொள்கிறேன். சொந்த ஊர் குடியாத்தம், படிப்பு எம்.எஸ்.டபிள்யூ., நூறு நாள் வேலையின் சமூகத் தணிக்கையிலும் தொண்டு நிறுவனத்திலுமாக ஏழு வருஷம். இப்போது நைரோபியில் ஒரு சர்வதேச அமைப்பு, சமூகப் பாதுகாப்புக் கொள்கை நிபுணர் என்று 11 மாத கன்சல்டன்ட் ஒப்பந்தம் தருகிறது. சம்பளம் எப்படிப் பேசுவது, மனைவி, பிள்ளையைக் கூட்டிப்போகலாமா, வேலை எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்கள்.

வேலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒப்பந்தத்தைப் பிரிப்போம். அதில் 'ஊழியர்' என்ற சொல் எங்கேயாவது இருக்கிறதா பாருங்கள். இருக்காது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற பெண்ணுக்கு, சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. உண்டு, அவர் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். பி.எஃப். ஆளுக்கு 12 சதவீதம். பிரசவ விடுப்பு, விபத்து இழப்பீடு எல்லாம் அதற்குள் வந்துவிடும். ஒரு நாட்டின் சமூகப் பாதுகாப்புக் கொள்கையையே எழுதப் போகிற உங்களுக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் 1952-ஆம் ஆண்டு 102-ஆம் எண் உடன்படிக்கை சொல்லும் ஒன்பது இனங்களை இன்டர்வியூவில் மனப்பாடமாக ஒப்பித்திருப்பீர்கள்: மருத்துவம், நோய்க்காலம், வேலையின்மை, முதுமை, பணிவிபத்து, குடும்பப்படி, மகப்பேறு, ஊனம், வாரிசுகள். அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் ஒப்பந்தத்தைச் சரிபாருங்கள். பணிவிபத்து இழப்பீடு சில இடங்களில் இருக்கும். மற்ற எட்டும் உங்கள் தலையில்.

ஆகவே தினக்கூலியைப் பேசும்போது (கொஞ்சம் கௌரவமாக 'டெய்லி ஃபீ' என்பார்கள்) ஊழியர் சம்பளத்தை 30-ஆல் வகுத்து அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். வருஷத்தில் 365 நாள். சனி, ஞாயிறு 104 போனால் 261. கென்யப் பொது விடுமுறை பத்துப் பன்னிரண்டு, ஊருக்கு வந்து போக 20, காய்ச்சல் தலைவலிக்கு 8 என்று கழித்தால் 220 நாள்தான் மிஞ்சும். இதில் ஒரு நாளைக்கும் சம்பளத்தோடு லீவு கிடையாது. ஐ.நா. ஓய்வூதிய நிதியில் ஊழியர் 7.9 சதவீதமும் அமைப்பு 15.8 சதவீதமும் கட்டுகின்றன; இரண்டும் சேர்ந்து 23.7. அதே அளவு முதுமைக்கு ஒதுக்க நினைத்தால் கன்சல்டன்ட் நூறில் 24-ஐத் தானே எடுத்துவைக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டுக்கு 8 அல்லது 10, இந்த ஒப்பந்தம் முடிந்து அடுத்தது வரும்வரை உட்கார்ந்து சாப்பிட ஒரு 10. மிச்சம் 55 சொச்சம், அதிலும் வரி போக வேண்டும். அதே படிநிலை ஊழியர் ஒருவருக்கு ஒரு வேலைநாளுக்கு விழுவதைப்போல ஒன்றரை மடங்குக்குக் கீழே போனால் நஷ்டம் என்பது என் கணக்கு.

இடைவெளி வரும் என்பதும் யூகமல்ல. ஐ.நா. செயலகத்தில் ஒரு கன்சல்டன்ட் 36 மாதத்தில் 24 மாதத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது. உலக வங்கியின் குறுகிய கால ஆலோசகருக்கு ஜூலை 1-இல் தொடங்கும் நிதியாண்டில் 150 நாள்தான் உச்சவரம்பு. நிலையான வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் ஐ.நா.வின் அதிகாரிப் படிநிலைகளில் முதுகலைப் பட்டத்தோடு பி-2-க்கு 2 வருஷம், பி-3-க்கு 5, பி-4-க்கு 7 வருஷ அனுபவம் கேட்பார்கள். உங்கள் ஏழு வருஷத்தை விண்ணப்பத்தில் மாதக்கணக்காக, வேலையின் பெயரோடு எழுதிவையுங்கள். 'களப்பணி' என்று மொட்டையாக எழுதினால் எண்ணமாட்டார்கள்.

பணம் எப்போது வரும் என்பது எவ்வளவு வரும் என்பதைவிடப் பெரிய தலைவலி. மாதச்சம்பளம் மாதிரி வராது. தொடக்க அறிக்கைக்கு இத்தனை, வரைவுக்கு இத்தனை, இறுதி அறிக்கைக்கு இத்தனை என்று பிரித்திருப்பார்கள். கையெழுத்துப் போடும் முன் அந்த அட்டவணையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள். 'அமைச்சகம் ஒப்புதல் அளித்தபின்' என்று ஒரு வரி இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். அமைச்சகச் செயலாளர் மாறுவார், கருத்தரங்கம் தள்ளிப்போகும், தேர்தல் வரும். நீங்கள் எழுதி முடித்த அறிக்கை அலமாரியில் கிடக்கும், உங்கள் வாடகை காத்திருக்காது. 'அறிக்கை சமர்ப்பித்தபின்' என்று இருக்க வேண்டும். கூடவே இரண்டு: திருத்தக் கருத்துகள் அதிகபட்சம் இரண்டு சுற்று, பத்து வேலை நாளுக்குள் கருத்து வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளப்படும். பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் சேர்த்துவிடுவார்கள், கேட்காதவருக்கு யாரும் சேர்ப்பதில்லை. இருந்தாலும் மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டே விமானம் ஏறுங்கள்.

இனி ஊரில் முடிக்க வேண்டியவை. பழைய பி.எஃப்.-ஐத் துடைத்து எடுத்துவிடாதீர்கள். பத்து வருஷப் பணி இருந்தால்தான் ஓய்வூதியம்; ஏழில் நிற்கிறவர் படிவம் 10சி கொடுத்து ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கிவைத்தால், பின்னால் இந்தியாவில் எங்கே சேர்ந்தாலும் அந்த ஏழு கூட்டப்படும். பி.பி.எஃப். கணக்கு இருந்தால் முதிர்வுவரை தொடரலாம், வெளிநாடுவாழ் இந்தியர் ஆனபின் புதிதாகத் திறக்க முடியாது. என்.பி.எஸ். எனும் தேசிய ஓய்வூதியத் திட்டக் கணக்கு திறக்கலாம். சாதாரண சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியரின் உள்ளூர் வரவுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றி, அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு ஒன்று தொடங்குங்கள். ஐ.நா. ஊழியர் சம்பளத்துக்கு உள்ள வரிவிலக்கு கன்சல்டன்டுக்குப் பொருந்தாது. எந்த நாட்டில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதை வைத்தே வரி முடிவாகும், வேலைக்காக வெளியேறும் ஆண்டில் 182 நாள் கணக்கு முக்கியம். கிளம்பும் தேதியை முடிவு செய்யும் முன் ஒரு ஆடிட்டரிடம் அரைமணி நேரம் உட்காருங்கள்.

அப்பா அம்மாவுக்கு இப்போதே காப்பீடு எடுங்கள். உங்கள் வெளிநாட்டுக் காப்பீடு பெரும்பாலும் மனைவி பிள்ளையோடு நின்றுவிடும். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்தக்கொதிப்புக்குக் காத்திருப்புக் காலம் மூன்று வருஷம்வரை போகலாம். அந்தக் கடிகாரம் பாலிசி எடுத்த நாளில்தான் ஓடத் தொடங்கும். பக்கத்திலேயே சி.எம்.சி. இருக்கிறதே என்பது மனசுக்குத் தெம்பு, பில்லுக்கு அல்ல. உங்களுக்கு எடுக்கும் பாலிசியில் 'அவசர மருத்துவ வெளியேற்றம்' இருக்க வேண்டும். வடக்கே துர்கானாவில் களப்பணியின்போது காலொடிந்தால் நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து அம்ரெஃப் என்ற மருத்துவ அமைப்பின் விமானம் வந்துதான் தூக்கிவர வேண்டும். ஒரு வேடிக்கை: சுவாஹிலியில் காப்பீட்டுக்குப் பெயரே 'பிமா', நம் ஊர் பயிர்க்காப்பீட்டு 'ஃபசல் பீமா'வில் இருக்கும் அதே பீமா.

பெயர் விஷயம் நம்மவர்களைத் தனியாகப் படுத்தும். பட்டத்தில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து, வங்கியில் இன்னொரு விதம். ஒப்பந்தம், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு மூன்றும் ஒரே எழுத்தில் இல்லாவிட்டால் பணம் திரும்பிப் போகும். எல்லாவற்றையும் பாஸ்போர்ட்டுக்கு இழுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே போட்டிருக்க வேண்டும். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். அட்டையைத் தொலைத்துவிட்டு ஊர் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள்வரை ஒதுக்கிவைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

குடும்பம்? முதல் ஆறு மாதம் தனியாகப் போங்கள். பிள்ளைகளின் கல்விப்படி ஊழியர்களுக்கு மட்டும்தான். சர்வதேசப் பள்ளிக் கட்டணம் ஒரு கன்சல்டன்ட் வருமானத்தைச் சத்தமில்லாமல் விழுங்கும். மனைவியின் அனுமதிச்சீட்டில் வேலை செய்யும் உரிமை உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். சுற்றுலாவுக்கான இ.டி.ஏ. என்ற மின்னணுப் பயண அனுமதியில் இறங்கி வேலையைத் தொடங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலை அனுமதியை அமைப்புதான் வாங்கித் தர வேண்டும்.

வீடு பார்க்கும்போது பார்க்லேண்ட்ஸ் பக்கம் நம் மளிகைச் சாமான் கிடைக்கும், கடைகள் பெரும்பாலும் குஜராத்திகளுடையவை. ஐ.நா. வளாகம் இருக்கும் கிகிரியில் அலுவலகம் என்றால் காலை நெரிசலையும் கணக்கில் வையுங்கள். கட்டடத்துக்குக் குழாய்த் தண்ணீர் வாரத்தில் எத்தனை நாள், தொட்டி எவ்வளவு பெரிது என்று கேளுங்கள். பாலாற்றங்கரைக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், குடிக்க வேண்டாம். நைரோபி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். வேலூர் வெயிலில் வளர்ந்த உடம்புக்கு ஜூலையில் இரண்டு ஸ்வெட்டர் வேண்டும். வீட்டுவேலைக்கு ஆள் வைத்தால் அவருக்கு என்.எஸ்.எஸ்.எஃப்.-உம் (நம் பி.எஃப். மாதிரியான கென்ய நிதி), சம்பளத்தில் 2.75 சதவீத சுகாதாரக் காப்பீடும் முறையாகக் கட்டுங்கள். இந்தத் துறை ஆட்களே கட்டாமல் விடுவதுதான் கொடுமை.

இப்போது வேலைக்கு வருகிறேன். முதல் வாரத்திலேயே, எந்த வீடு ஏழை என்று பொறுக்க ஒரு மதிப்பெண் படிவம் உங்கள் முன்னால் வரும்: கூரை ஓலையா தகரமா, தரை மண்ணா சிமென்ட்டா, எத்தனை ஆடு, கழிப்பறை உண்டா. குடும்பச் செலவுக் கணக்கெடுப்பை ஸ்டேட்டா, ஆர் போன்ற புள்ளிவிவர மென்பொருளில் போட்டு, எந்தப் பொருள் வறுமையைக் காட்டிக்கொடுக்கிறது என்று எடை போட்டு, வெட்டுக்கோட்டுக்குக் கீழே விழுந்தவருக்கு உதவித்தொகை. கேட்க அறிவியலாகவே இருக்கும். குடியாத்தத்தில் பீடி சுற்றும் ஒரு வீட்டில் இதைப் போட்டுப் பாருங்கள். 2006-க்குப் பிறகு அரசு கொடுத்த கலர் டி.வி., 2011-க்குப் பிறகு கொடுத்த மிக்சி, கிரைண்டர், ஃபேன். நான்கு பொருளுக்கும் மதிப்பெண் ஏறி அந்த வீடு 'வசதியானது' ஆகிவிடும். மகளிர் உரிமைத்தொகைக்கு வருஷத்துக்கு 3,600 யூனிட் மின்சாரம் என்று வரம்பு வைத்தபோதும் இதே சிக்கல்தான்: அண்ணன் தம்பி மூன்று குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் மூன்று ஏழைகள் சேர்ந்து ஒரு பணக்காரர். மக்கள்தொகையில் அடித்தட்டு 10, 20 சதவீதத்தை மட்டும் இப்படிப் பொறுக்கப் பார்த்தால், சேர வேண்டியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் விடுபடுவது பல நாடுகளில் கண்டது. ஆகவே அறிக்கையில் விடுபட்டோர் சதவீதத்தை முதல் பக்கத்திலேயே போடச் சொல்லிச் சண்டை பிடியுங்கள். பின்னிணைப்புக்குத் தள்ளத்தான் பார்ப்பார்கள்.

நம் பக்கத்து அனுபவம் அங்கே செல்லுபடியாகும் நாணயம், ஆனால் எல்லாக் கடையிலும் அல்ல. எல்லோருக்கும் ரேஷன் என்று நீங்கள் சொன்னால், தாலுகா ஆபீசும் வி.ஏ.ஓ.வும் நியாயவிலைக் கடையும் இல்லாத ஊரில் யார் எடை போட்டுக் கொடுப்பது என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. அங்கே அரிசிக்குப் பதில் பணம். துர்கானா, மார்சபிட், மண்டேரா, வாஜிர் என்ற வறண்ட நான்கு மாவட்டங்களில் பசிப்பாதுகாப்புத் திட்டம் மாதம் 2,700 ஷில்லிங் என்ற கணக்கில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொடுத்தது. 70 வயது தாண்டியவர்களுக்கான இனுவா ஜமீ தொகை மாதம் 2,000 ஷில்லிங். தொகை அப்படியே நிற்க விலைவாசி ஏறிக்கொண்டே போவதுதான் இங்கே நோய். உங்களுக்குப் புதிதல்ல: தமிழ்நாட்டு முதியோர் தொகை 2023-இல் 1,200 ரூபாய் ஆனது, அதில் 80 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு இன்னும் 200 ரூபாய். விலைவாசிக்குத் தக்கபடி தொகை தானாக ஏறும் விதியைச் சட்டத்திலேயே எழுதிவைக்காவிட்டால் எந்த நாட்டிலும் இதுதான் கதி. செலவுக் கணக்கு போடும்போது அந்த ஏற்றத்தையும் சேர்த்தே பத்து வருஷத்துக்குக் காட்டுங்கள். இல்லாவிட்டால் நிதியமைச்சகம் பிற்பாடு 'முதலில் சொல்லவில்லையே' என்று கையை விரிக்கும்.

களத்துக்குப் போகும்போது மணியில் ஏமாந்துவிடாதீர்கள். சுவாஹிலியில் மணியை நம் ஆறு மணியிலிருந்து எண்ணுவார்கள். 'ஸா டாட்டு' என்றால் சொல்லுக்குச் சொல் மூன்று மணி, ஆனால் காலை ஒன்பது. கூட்டத்துக்கு வரச் சொல்லும்போது சுவாஹிலியிலும் ஆங்கிலத்திலும் இரண்டு முறையாகச் சொல்லி, சூரியன் எங்கே இருக்கும் என்று கையையும் காட்டிவிடுங்கள். சீரக சம்பா இரண்டு கிலோ எடுத்துப் போங்கள். அங்கே கிடைக்கும் பிஷோரி அரிசி நல்ல வாசம், பாஸ்மதி மாதிரி நீளம், ஆம்பூர் பிரியாணிக்குச் சேராது.