பளபளப்புக்குக் கொடுத்த காசு

கேள்வி: என் டிரம்பெட்டின் பெல்லில், அதாவது முன்னால் விரிந்திருக்கும் வாயின் ஓரத்தில், கட்டைவிரல் அளவுக்கு ஒடுக்கு விழுந்திருக்கிறது. சத்தம் கெடுமா?

பதில்: அந்த இடத்தில் காதுக்குத் தெரியாது, கண்ணுக்குத்தான் உறுத்தும். அவசரமே இல்லை. வாய் வைத்து ஊதும் மவுத்பீஸைச் செருகும் குழாயில் விழுந்திருந்தால் கதை வேறு. அந்தக் குழாயின் உள்விட்டம் 12 மி.மீ. கூட வராது. அங்கே சின்ன ஒடுக்கும் ஒன்றிரண்டு சுரங்களை நழுவ வைத்துவிடும்.

கேள்வி: மவுத்பீஸ் இறுகிக்கொண்டது. குறடால் திருகினேன், குழாயே முறுக்கிக்கொண்டது. வாரண்டி கிடையாது என்கிறார் கடைக்காரர்.

பதில்: அவர் சொல்வது சரி. மவுத்பீஸ் புல்லர் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. ரிப்பேர்காரர் கையில் ஒரு நிமிட வேலை.

கேள்வி: 'ஒடுக்கே இல்லை' என்று சொல்லிப் பழைய டிரம்பெட் ஒன்றை அனுப்பினார்கள். ஒரே வாரத்தில் குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள். துடைத்தாலும் போகவில்லை. விற்றவர் அழுக்கு என்கிறார்.

பதில்: அழுக்கென்றால் துடைத்தால் போயிருக்குமே! பித்தளையிலிருந்து துத்தநாகம் அரித்துப் போய், செம்பு மட்டும் மிஞ்சுகிற நோய் இது. உள்ளிருந்து வெளியே வரும், பாலிஷுக்கு அடங்காது, குழாயையே மாற்ற வேண்டியிருக்கும். ஒரு வாரத்தில் வருகிற கோளாறும் இல்லை, ஆகவே உங்கள் மேல் பழி போட விடாதீர்கள். எதையும் தேய்க்காமல் இன்றே படம் எடுத்து, பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்.

கேள்வி: ஒடுக்கு எடுத்து, பாலிஷ் போட்டு, லேக்கர் என்கிற மேற்பூச்சும் அடித்துப் 'புதுசாக்கி'த் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இந்தப் 'புதுசாக்கி' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிகிறது. ஒடுக்கு எடுப்பது பொறுமையான வேலை. குழாய்க்குள் எஃகுக் குண்டை விட்டு, வெளியே உருளையால் அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழுப்புவார்கள். அழுத்த அழுத்தப் பித்தளை இறுகும். மடிந்த கோடு முழுசாக மறையவும் மறையாது. நல்ல கைக்காரர் இதை முதலிலேயே சொல்லிவிடுவார். சொல்லாதவர் அந்தக் கோட்டைப் பாலிஷ் சக்கரத்தில் வைத்து மறைப்பார். சக்கரம் தின்பது உங்கள் பித்தளையை. பெல்லில் பொறித்த எழுத்து தேய்ந்த நாணயம் மாதிரி மழுங்கியிருக்கிறதா என்று பாருங்கள், எவ்வளவு போனது என்று தெரியும்.

நானும் ஏமாந்தவன்தான். கண்ணாடி போல மின்னிய ஒரு டிராம்போனை ஊதிக்கூடப் பார்க்காமல் வாங்கி வந்தேன். சுரம் மாற்ற முன்னும் பின்னும் நகர்த்தும் ஸ்லைடு குழாய் பாதி வழியில் ஒவ்வொரு முறையும் உரசி நின்றது. பிரித்துப் பார்த்த ரிப்பேர்காரர் சிரித்துவிட்டார். ஒடுக்கை எடுக்காமலே மேலே பற்றாசை நிரப்பித் தேய்த்து, அதன்மேல் முலாம் பூசியிருந்தார்கள். வெளியே மழமழ, உள்ளே மேடு அப்படியே. அதனால் "ஒடுக்கு மட்டும், தேய்க்கக் கூடாது" என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

கேள்வி: காந்தத்தால் ஒடுக்கு எடுக்கும் செட் வாங்கலாமா? பித்தளையைக் காந்தம் இழுக்குமா?

பதில்: இழுக்காது. உள்ளே போடும் எஃகுக் குண்டைத்தான் வெளியிலிருந்து இழுக்கும். வித்தை உண்மைதான். ஆனால் ஒரே ஒரு ஒடுக்குக்கு முழு செட்டா? விரல் நசுங்கியவர்களும் உண்டு.

கேள்வி: விரலால் அழுத்தும் வால்வின் உறையில் லேசான ஒடுக்கு, வால்வு இறங்க மாட்டேன் என்கிறது. வீட்டிலேயே மரச் சுத்தியலால் தட்டிப் பார்க்கட்டுமா?

பதில்: சுத்தியலைக் கீழே வையுங்கள்.