கருவாட்டில் புழு, கிணற்றில் உப்பு, கடனில் வட்டி: வடகரை வகுப்புகள் பற்றிக் கேள்வி பதில்

இலங்கையின் வடகரைக் கிராமங்களில் மாதர் சங்கங்களுக்கும் சனசமூக நிலையங்களுக்கும் வாழ்க்கைத்திறன் வகுப்பு எடுத்து ஓய்வுபெற்றவள் நான். என்னிடம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

வல்வெட்டித்துறை: ரீச்சர், ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். காசு கட்டாமல் ஏதாவது படிக்க எங்கே போய்க் கேட்பது?

தங்கச்சி, முதலில் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய் முறைசாராக் கல்விப் பிரிவு எங்கே என்று கேளும். பள்ளிக்கூடத்தை விட்டவர்களுக்கும் வளர்ந்தவர்களுக்கும் வகுப்பு நடத்துவது அவர்கள்தான். அடுத்தது பிரதேச செயலகத்தில் உள்ள மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர். தொழிலுக்கான சான்றிதழ் வேண்டுமென்றால் தொழிற்பயிற்சி அதிகாரசபை. எங்கே சேர்ந்தாலும், தேசிய தொழிற் தகைமையில் இது எத்தனையாம் மட்டம் என்று கேட்ட பிறகு பெயரைக் கொடும். 3, 4 என்று மட்டம் சொன்னால் நாடு முழுக்கச் செல்லும். "பங்குபற்றியமைக்கான சான்றிதழ்" என்றால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், அவ்வளவுதான்.

குருநகர்: கருவாடு போடும் வகுப்புக்குப் போனேன். சொன்னபடி செய்தும் மாரியில் புழு வைக்கிறது. மருந்து அடித்தால் சரியாகும் என்கிறார்கள். அடிக்கலாமா?

வேண்டவே வேண்டாம் அக்கா. அந்த மருந்து நேரே தின்கிறவர் வயிற்றுக்குத்தான் போகும். புழு எங்கே வைக்கிறது என்று ஒருக்கால் பாருங்கள். செவுளடியிலும், வயிற்றுப் பக்கத்து மடிப்பிலும், முள்ளோடு ஒட்டிய தடித்த சதையிலும்தான். அதாவது உப்புப் போய்ச் சேராத இடங்களில். ஈ அந்த இடத்தைத் தேடி முட்டையிடுகிறது. செவுளை முழுதாக எடுத்துவிடுங்கள். பெரிய மீனை முதுகால் பிளந்து, தடித்த சதையில் கீறல் போட்டு, கீறலுக்குள் விரலால் உப்பைத் திணியுங்கள். மூன்று நாலு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு வேண்டும். கண்ணளவில் தூவுகிற உப்பு மாரிக்குக் காணாது.

காய வைப்பதும் மணலில் வேண்டாம். இடுப்பு உயரத்தில் தடிகள் நட்டு, பழைய வலையை இழுத்துக் கட்டினால் அடியிலும் காற்றுப் போகும், நாயும் கோழியும் கிட்ட வராது. மழை இருட்டினால் மீனை வெளியே எடுக்காமல் உப்புத் தண்ணீரிலேயே மூடி வையுங்கள். அரைகுறையாகக் காய்ந்ததுதான் முதலில் கெடும்.

இன்னொன்று, இதை வகுப்பில் அநேகமாகச் சொல்வதில்லை. சூரை, கும்பளா போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால் சதைக்குள் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். தின்றவருக்கு முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலையிடிக்கும். அவித்தாலும் பொரித்தாலும் காய வைத்தாலும் அது போகாது. படகிலேயே ஐஸ் போடுவதுதான் வழி.

அச்சுவேலி: வீட்டைச் சுற்றி வெங்காயத் தோட்டம். மூன்று மாதக் குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைக்கிறேன். போதும்தானே?

போதாது பிள்ளை. இதை இன்றைக்கே மாற்றும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் தண்ணீரில் கரைந்து வரும் நைத்திரேற்று என்ற பொருள் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். குளோரின் போட்டாலும் போகாது. நம் குடாநாட்டில் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்துமாக இருக்கும் அந்தக் கல்லுக்குள் தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியின் கசிவும் சுலபமாக இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிடும். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கூடினால் புட்டிப்பால் குடிக்கும் சிறுகுழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். தாய்ப்பால் கொடுக்க முடிந்தால் அதுதான் நல்லது. முடியாவிட்டால் பரிசோதித்த குழாய்த் தண்ணீரோ போத்தல் தண்ணீரோ எடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) சொல்லிக் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடும்.

ஊர்காவற்றுறை: முன்பு நல்ல தண்ணீர்க் கிணறு, இப்போது உவர்க்கிறது. இன்னும் ஆழமாக்கலாமா?

ஆழமாக்கினால் உப்பைத்தான் கிட்டக் கூப்பிடுவீர்கள் அண்ணை. தீவில் மழைத்தண்ணீர் கீழே உள்ள உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. மோட்டரை ஒரே மூச்சில் ஓட்டினால் மேல்படை இறங்கி, அடியிலுள்ள உப்பு மேலேறும். விட்டுவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள். கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு வந்தால் தவறவிடாதீர்கள்.

முல்லைத்தீவு: நிதி நிறுவனம் ஒன்றில் 50,000 ரூபா எடுத்தேன். மாதம் நூற்றுக்கு 2 வட்டி என்றார்கள். ஆண்டுக்கு 24 வீதம்தானே? கட்டக் கட்ட ஏன் இவ்வளவு பாரமாக இருக்கிறது?

கொப்பியும் பேனையும் எடுங்கள் அக்கா. 12 மாதத்துக்கு வட்டி 12,000. மொத்தம் 62,000. மாதத் தவணை ஏறக்குறைய 5,167. ஆறாம் மாதம் முடியும்போது முதல் பணத்தில் பாதியைக் கட்டி முடித்திருப்பீர்கள். ஆனால் ஏழாம் மாதமும் வட்டி 50,000 ரூபாவுக்கே போடுகிறார்கள். உங்கள் கையில் உண்மையில் மிச்சமிருக்கும் கடனுக்கு மட்டும் வட்டி கணக்குப் பார்த்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு 40ஐத் தாண்டும். கையெழுத்துப் போட முன்னம் "நிலையான வட்டியா, குறைந்துசெல்லும் மீதிக்கா?" என்று கேளுங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், கரையோரத்தில் எந்த வகுப்புக்கும் முன்னால் இந்தக் கணக்கு வகுப்பு வர வேண்டும். தையல் மெசின் கொடுத்துப் படம் எடுக்கலாம், வட்டிக் கணக்கைப் படம் எடுக்க முடியாது. அதனால்தானோ என்னவோ, இதற்குக் காசு ஒதுக்க ஆளில்லை.

மன்னார், இளம் உத்தியோகத்தர் ஒருவர்: கடற்கரைக் கிராமத்தில் வகுப்பு வைத்தால் பத்துப் பேர்கூட வருவதில்லை. அக்கறை இல்லையோ?

எத்தனை மணிக்கு வைக்கிறீர் தம்பி? பத்து மணிக்கென்றால் வரமாட்டார்கள். காலையில் படகு கரைக்கு வரும், மீன் பிரிக்க வேண்டும், வலை தட்ட வேண்டும், பிறகு உலை வைக்க வேண்டும். பின்னேரம் மூன்று மணிக்கு வையும், மண்டபத்தில் வேண்டாம், கரையிலுள்ள மீன்வாடிக் கொட்டிலடியிலேயே வையும். கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு ஒரு பாயும் விரித்துவிடும். அப்புறம், அந்த ஊரில் ஏற்கெனவே எத்தனை தரம் சவர்க்காரம் செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று விசாரியும். ஊர் முழுக்கச் சவர்க்காரம் செய்தால் வாங்குவது யார்?

பருத்தித்துறை: பல வருடமாகப் போட் எஞ்சின் திருத்துகிறேன். ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. இனி ஆறு மாதம் போய்ப் படிக்க முடியாது.

படிக்கத் தேவையில்லை அண்ணை. செய்து காட்டினால் போதும். முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை என்று ஒன்று உண்டு. உங்கள் வேலையை மதிப்பீட்டாளர் பார்த்து, தகுதி இருந்தால் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும். நீங்கள் செய்த வேலைகளின் படங்கள், பில்லுகள், வாடிக்கையாளர் கடிதம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்துக்கொண்டு தொழிற்பயிற்சி அதிகாரசபைக்குப் போங்கள்.

பளை: ஒடியல் மாவில் (பச்சைப் பனங்கிழங்கைக் காய வைத்து இடித்த மா) கூழ் காய்ச்சினால் கைக்கிறது. காட்டுப்பக்கம் நிறையப் பனங்கொட்டை கிடக்கிறது, பொறுக்கிப் பாத்தி போட்டு விற்கலாமா?

மாவை நிறையத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த தண்ணீரை வார்த்து ஊற்றுங்கள். கைப்பு அதோடு போகும். ஒரு தரம் காணாவிட்டால் மறுதரமும் செய்யுங்கள். புழுக்கொடியல் அவித்துக் காய வைத்தது, அது வேறு கதை.

கொட்டை பொறுக்குவதில் மட்டும் கவனம் தங்கச்சி. முகமாலைப் பக்கம் கண்ணிவெடி நிறைய விதைத்த நிலம். சிவப்புப் பலகை இருக்கும் இடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. பலகை இல்லாத பற்றைக்குள் சந்தேகமான பொருள் கண்டாலும் தொடாமல், வந்த கால் தடத்திலேயே திரும்பி வந்து கிராம சேவையாளரிடம் சொல்லுங்கள், அல்லது 119க்கு அடியுங்கள். கொட்டை உங்கள் வளவுப் பனையடியில் கிடப்பதே ஒரு பாத்திக்குக் காணும்.