யாரும் தொடாமலே தொடையைப் பிடிப்பது ஏன்? ஃபுட்டி காயங்கள்: கேள்வி பதில்

நான் மெல்போர்னின் கிழக்குப் பக்கம் ஒரு உள்ளூர் ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து கிளப்புக்கு பிசியோ. வாரம் இரண்டு மாலை, சனிக்கிழமை முழு நாள், சம்பளத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். இந்த ஆட்டத்தின் தேசிய லீக்கான ஏஎஃப்எல்லில் எந்தக் கிளப்பிலும் வேலை பார்த்ததில்லை, ஆனால் அங்கே நடப்பதை விடாமல் படித்து வருகிறவன். பயிற்சி முறைக்கும் காயத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

மகனைப் பார்க்க மெல்போர்ன் வந்திருக்கும் ஒரு கோயம்புத்தூர் அம்மா: தம்பி, மகனோடு உட்கார்ந்து டிவியில் பார்க்கிறேன். மோதிக்கொள்கிறவர்கள் எழுந்து ஓடுகிறார்கள். தனியாக ஓடுகிறவர் திடீரென்று தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். அது என்ன?

சரியாகப் பார்த்திருக்கிறீர்கள் அம்மா. அதுதான் ஹாம்ஸ்ட்ரிங், பின் தொடைத் தசை. இந்த ஆட்டத்தில் அதிகமாக வரும் காயமே அதுதான். ஏஎஃப்எல்லில் 1992 முதல் ஒவ்வொரு கிளப்பின் காயங்களையும் வருடா வருடம் கணக்கெடுக்கிறார்கள், அதில் ஏறக்குறைய எல்லா வருடமும் முதலிடம் இதற்குத்தான். ஒரு கிளப்புக்கு ஒரு சீசனில் ஐந்தாறு பேருக்காவது புதிதாக வரும்.

மைதானம் 135 முதல் 185 மீட்டர் நீளம். ஓர் ஆட்டத்தில் ஒருவர் 12, 13 கிலோமீட்டர் ஓடுவார், அதுவும் ஒரே சீராக இல்லை, நின்று, பாய்ந்து, திரும்பி. முழு வேகத்தில் ஓடும்போது கால் முன்னால் போய் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்புதான் அந்தத் தசை நீண்டபடியே பிரேக் போடுகிறது. அந்த வேகத்திலேயே குனிந்து பந்தை அள்ளவும் வேண்டும். குனிந்தால் தசை இன்னும் நீளும். களைத்துப்போன கால் அங்கேதான் விட்டுக்கொடுக்கும்.

பதினேழு வயதுக்குட்பட்டோர் அணிக்குப் பயிற்சி தரும் ஒருவர்: சார், கடுமையாகப் பயிற்சி கொடுத்தால் காயம், கொடுக்காவிட்டால் தோல்வி. எந்தப் பக்கம் போவது?

இந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையும் ஆரம்பித்தேன்.

கடுமையான பயிற்சியே தப்பு என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். சீசன் முழுக்க மெதுவாக ஓடவைத்து, சனிக்கிழமை மட்டும் முழு வேகத்தில் ஓடு என்றால் அந்தப் பையன் தொடை கிழிந்துதான் வெளியே வருவான். டிம் காபெட் என்ற ஆஸ்திரேலிய விளையாட்டு அறிவியலாளர் ரக்பி லீக்கில் பல வருடம் வேலை செய்து எழுதியதன் சாரம் இதுதான்: படிப்படியாக ஏற்றப்பட்ட பெரிய உழைப்பு உடம்பைக் காப்பாற்றும், திடீர்த் தாவல் கெடுக்கும். ஏஎஃப்எல் ஆட்டக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வுகளிலும், ஒரு வாரத்திலிருந்து அடுத்த வாரத்துக்கு உழைப்பு எகிறினால் காயமும் கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

கணக்கு ரொம்ப எளிது. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து ஒவ்வொரு பையனிடமும் “இன்றைக்கு எவ்வளவு கஷ்டம், பத்துக்கு எத்தனை?” என்று கேளுங்கள். அந்த எண்ணை நிமிடங்களால் பெருக்குங்கள். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு 6 சொன்னால் 360. வாரத்தில் இரண்டு பயிற்சி 720, கூடவே 100 நிமிட ஆட்டம் 8 என்று வைத்தால் 800, ஆக மொத்தம் 1,520. இதுதான் அவனுடைய வழக்கமான வாரம். இப்போது கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டு வருகிறான், நீங்கள் ஜனவரி முதல் வாரமே மூன்று நாள், ஒன்றரை மணி நேரம், அவன் 8 சொல்லும் அளவுக்குப் பிழிகிறீர்கள். 2,160. பூஜ்யத்திலிருந்து 2,160!

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். முன்பு இருந்த ஒரு கிளப்பில் புதிதாக வந்த கோச், “விடுமுறைக் கொழுப்பைக் கரைக்கிறேன்” என்று முதல் நாளே 400 மீட்டர் ஓட்டங்களை வரிசையாகக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் மூன்று ஹாம்ஸ்ட்ரிங், ஒரு கெண்டைக்கால். அவரோ பையன்களுக்கு மனவுறுதி போதவில்லை என்று வருத்தப்பட்டார்.

இந்த வாரத்தின் உழைப்பை, கடந்த நான்கு வாரச் சராசரியால் வகுத்து 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து என்று ஒரு சூத்திரம் கொஞ்ச காலம் மந்திரம் மாதிரி சுற்றியது. புள்ளியியல் தெரிந்தவர்கள் பிறகு அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள், அந்த விகிதத்தின் கணக்கே சரியில்லை என்று. எண்ணைக் கும்பிட வேண்டாம். போன வாரம் என்ன செய்தான் என்று பார்த்துவிட்டு இந்த வாரத்தைத் திட்டமிடுங்கள், அவ்வளவுதான்.

அதே கேள்வியின் வால்: எங்களிடம் ஜிபிஎஸ் எல்லாம் இல்லையே?

ஏஎஃப்எல் ஆட்டக்காரர்கள் முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே செருகியிருக்கும் சின்னப் பெட்டியைச் சொல்கிறீர்கள். நம் ஊர் மெல்போர்னிலேயே கேட்டபல்ட் என்ற நிறுவனம் அதைச் செய்து உலகம் முழுக்க விற்கிறது. நல்ல கருவி. ஆனால் உங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும். ஜிபிஎஸ் வாங்கிவிட்டு அதில் வரும் வரைபடத்தைத் திறந்தே பார்க்காத கிளப்புகளும் இருக்கின்றன.

பிசியோதெரபி படிக்கும் மாணவி: நோர்டிக் பயிற்சி உண்மையிலேயே வேலை செய்கிறதா அண்ணா? எங்கள் கிளப் பையன்கள் ஓடி ஒளிகிறார்கள்.

தெரியாதவர்களுக்கு: முழங்காலிட்டு, கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்தபடி முன்பக்கம் மெதுவாகச் சாய்வதுதான் நோர்டிக். தசை நீண்டபடியே பாரத்தைத் தாங்கப் பழகும். முதல் கேள்வியில் சொன்ன அந்த பிரேக், அதற்கான பயிற்சி இது.

வேலை செய்யும், செய்தால். ஆய்வாளர் டேவிட் ஓப்பர் குழுவினர் 210 ஏஎஃப்எல் ஆட்டக்காரர்களை அளந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், சீசனுக்கு முந்தைய பயிற்சி தொடங்கும்போது இந்த வலு குறைவாக இருந்தவர்களுக்கு ஹாம்ஸ்ட்ரிங் ஆபத்து இரண்டரை மடங்குக்கும் மேல் இருந்தது. வயதானவர்களுக்கும் முன்பு கிழிந்தவர்களுக்கும்கூட வலு இருந்தால் ஆபத்து குறைகிறது என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் வயதை நம்மால் மாற்ற முடியாது.

ஆனால் அதற்கு முன்பே, 2006-இல், விக்டோரியாவின் உள்ளூர் ஆட்டக்காரர்களிடம் இதைச் செய்து பார்த்தபோது பாதிப் பேர்கூட இரண்டாவது தடவை வரவில்லை. காரணம் வலி. முதல் நாளே அளவுக்கு மீறிக் கொடுத்துவிட்டார்கள், அடுத்த மூன்று நாள் படி இறங்க முடியாத வலி. உங்கள் பையன்கள் ஒளிவதும் அதனால்தான். முதல் வாரம் இரண்டு செட், ஐந்து முறை, போதும். ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு நாள் வேண்டவே வேண்டாம். செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்ததும் வைத்துக்கொள்ளுங்கள், தொடங்குமுன் வைத்தால் களைத்த தசையோடு ஓட விடுகிறீர்கள்.

நோர்டிக் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது முழு வேகத்துக்குப் பக்கத்தில் ஓட வேண்டும், களைத்த பிறகு குனிந்து பந்து எடுக்கும் பயிற்சியும் வேண்டும். ஜெஃப்ரி வெரால் குழுவினர் ஒரு ஏஎஃப்எல் அணியில் இப்படி ஆட்டத்தை ஒத்த பயிற்சிகளைப் புகுத்தி, ஹாம்ஸ்ட்ரிங் குறைந்ததை 2005-இல் எழுதினார்கள்.

ஒரு தீவிர ரசிகர்: கோச்களை மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்? விதிகளை மாற்றிக்கொண்டே இருப்பது லீக்தானே?

பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆட்களை மாற்றி இறக்குவதற்கு ஒரு காலத்தில் எண்ணிக்கை வரம்பே கிடையாது, கோச்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆட்டத்தில் நூறைத் தாண்டி மாற்றினார்கள். 2014-இல் 120 என்று கட்டினார்கள், 2016-இல் 90, 2021-இல் 75. வெளியே உட்கார்ந்து மூச்சு வாங்கி வருகிறவனுக்குக் காயம் குறைவு, ஆனால் அப்படிப் புத்துணர்ச்சியோடு வருகிற எதிராளியை விரட்டுகிறவனுக்கு ஆபத்து அதிகம் என்று லீக்கின் காயக் கணக்கை வைத்தே ஜான் ஆர்ச்சர்ட் என்ற விளையாட்டு மருத்துவர் காட்டினார். ஆக, வரம்பு சரியா தவறா என்பது யார் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. வரம்பு வந்த பிறகு, களத்தில் அதிக நேரம் நிற்கத் தேவையான ஓட்டத்தை சீசனுக்கு முந்தைய கோடையிலேயே ஏற்றிவைக்காத கோச்சை நான் குறை சொல்லத்தான் செய்வேன்.

விதி மாற்றத்தால் நல்லதும் நடந்திருக்கிறது. நடுவட்டத்தில் மேலே எழும் பந்தைத் தட்ட, ரக்மேன்கள் எனப்படும் இரண்டு உயரமான ஆட்டக்காரர்கள் தூரத்திலிருந்து ஓடிவந்து முழங்காலும் முழங்காலுமாக மோதுவார்கள், உள்ளே பின்பக்க ஜவ்வு போய்விடும். 2005-இல் வெளிவட்டம் ஒன்றை வரைந்து ஓடிவரும் தூரத்தைப் பத்து மீட்டர் வட்டத்துக்குள் அடக்கினார்கள். அந்தக் காயம் சட்டென்று குறைந்தது. ஒரு டப்பா வெள்ளைப் பெயின்ட், அவ்வளவுதான் செலவு.

அடிலெய்டிலிருந்து ஒருவர்: 2018-இல் எங்கள் ஏஎஃப்எல் கிளப் அடிலெய்டு குரோஸுக்கு என்ன ஆயிற்று? அந்த முகாம்தான் காரணமா?

பழைய புண்ணைக் கிளறுகிறீர்கள். 2017 இறுதிப்போட்டியில் ரிச்மண்டிடம் தோற்றார்கள். 2018 ஜனவரியில் கோல்ட் கோஸ்ட் பக்கம் மனவுறுதிக்கென்று ஒரு முகாம். அந்த சீசனில் ஹாம்ஸ்ட்ரிங் வரிசையாகப் போனது, இறுதிச் சுற்றுக்கே போகவில்லை. முகாமில் தனக்கு நேர்ந்ததை அப்போது அங்கே ஆடிய எடி பெட்ஸ் 2022-இல் வெளியே சொன்னபோது கிளப் மன்னிப்புக் கேட்டது.

முகாமிலிருந்து தொடைத் தசைக்கு நேர்க்கோடு போட நான் தயாரில்லை. ஹாம்ஸ்ட்ரிங் கிழிவதற்கு ஓட்டம், வலு, வயது, பழைய காயம் என்று பத்துக் காரணம் இருக்கும். ஆனால் தூக்கமில்லாத, கோச்சை நம்பாத ஆட்டக்காரன் “தொடை இறுக்கமாக இருக்கிறது” என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டான். என் அனுபவத்தில் அந்த ஒரு வாக்கியம் சொல்லப்படாமல் போவதால்தான் ஒரு வாரக் காயம் ஆறு வாரமாகிறது.

ஒரு அப்பா: மகள் பெண்கள் அணியில் சேர்ந்திருக்கிறாள். ஏசிஎல் என்று கேட்டாலே பயமாக இருக்கிறது.

பயத்தில் நியாயம் இருக்கிறது. 2017-இல் தொடங்கிய பெண்கள் லீக்கான ஏஎஃப்எல்டபிள்யூவில் ஏசிஎல், அதாவது முழங்காலின் முன்பக்க ஜவ்வு கிழிவது ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். உடனே இடுப்பு அகலம், ஹார்மோன் என்று ஆரம்பித்துவிடுவார்கள். இருக்கலாம். ஆனால் இதையும் பாருங்கள்: ஆண்பிள்ளை ஐந்து வயதிலிருந்து விழுந்து எழுந்து பழகுகிறான், பெண்கள் பலர் நெட்பாலிலிருந்தும் பாஸ்கெட்பாலிலிருந்தும் வளர்ந்த பிறகு வந்தவர்கள். பகுதி நேர ஒப்பந்தம், பகலில் வேறு வேலை, இரவில் பயிற்சி. 2022-இல் ஒரே வருடத்தில் இரண்டு சீசன் ஆடவைத்தார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு இடுப்பை மட்டும் குற்றம் சொன்னால் எப்படி?

கிளப்பில் ‘ப்ரெப் டு ப்ளே’ செய்கிறார்களா என்று கேளுங்கள். குதித்து இறங்குவது, திரும்புவது, எதிராளி பிடித்துத் தள்ளும்போது விழுவது, தரைப்பந்து எடுப்பது எல்லாவற்றையும் வார்ம்-அப்பிலேயே கற்றுக்கொடுக்கும் திட்டம், இலவசம். “நேரமில்லை” என்று சொல்லும் கோச்சிடம் ஏசிஎல் கிழிந்தால் திரும்பி ஆட ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகும் என்று ஞாபகப்படுத்துங்கள்.

இன்னொருவர்: தலையில் அடிபடுவதற்கும் பயிற்சிக்கும் என்ன சம்பந்தம்? அது ஆட்டத்தில்தானே நடக்கிறது?

பயிற்சியிலும் நடக்கிறது, அதை யாரும் எண்ணுவதில்லை. ரிச்மண்டில் ஆடிய ஷேன் டக் 2020-இல் இறந்தார், தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் சிடிஇ என்ற பாதிப்பு அவர் மூளையில் இருந்தது. மரண விசாரணை நடத்திய விக்டோரியா அதிகாரி 2023-இல் தந்த பரிந்துரைகளில், மோதல் உள்ள பயிற்சிகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதும் ஒன்று. மூளை அதிர்ச்சி என்றால் திரும்பி ஆட ஏஎஃப்எல்லில் குறைந்தது 12 நாள், உள்ளூர் ஆட்டத்தில் 2024 முதல் 21 நாள். எங்களிடம் டாக்டர் இல்லை, அதனால்தான் நமக்கு அதிகம். இதில் பேரம் கிடையாது, இறுதிப்போட்டியாக இருந்தாலும்.

சில சின்னக் கேள்விகள்.

ஆட்டத்துக்கு முன் நின்ற இடத்தில் தசையை இழுத்துப் பிடித்தால் காயம் வராதா? அதை நம்பாதீர்கள், படிப்படியாக வேகம் ஏற்றி ஓடுங்கள். முன் தொடை வலிக்கிறது, உதைக்கும் காலில் மட்டும்? ஒரு நாளைக்கு எத்தனை முறை உதைக்கிறீர்கள் என்று எண்ணுங்கள், பிப்ரவரியில் எல்லோரும் கணக்கில்லாமல் உதைப்பார்கள். ஹாம்ஸ்ட்ரிங் திரும்பத் திரும்ப வருகிறதா? பட்ட காலிலே படும் என்பது இந்த ஒரு தசைக்காகவே சொன்னது போல இருக்கும். வலி போனதும் ஆட வராதீர்கள், பயிற்சியில் முழு வேகத்தில் பல முறை ஓடிக் காட்டிவிட்டு வாருங்கள்.

கடைசியாக, ஒரு அம்மா: பையனுக்குப் பதினைந்து. பள்ளி அணி, கிளப் அணி, வட்டாரத் தேர்வு அணி மூன்றிலும் ஆடுகிறான். இடுப்புக்குக் கீழே கவட்டையில் வலி என்கிறான். மூன்று கோச்சும் “நான் கொஞ்சம்தான் கொடுக்கிறேன்” என்கிறார்கள்.

அக்கா, மூன்று பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். கூட்டிப் பார்க்க ஆளில்லை, அதுதான் சிக்கல். வளரும் வயதில் கவட்டை வலியை விளையாட்டாக எடுக்காதீர்கள், இடுப்பெலும்பின் முன்பக்க இணைப்பு வீங்கிப்போனால் மாதக்கணக்கில் இழுக்கும். இந்த வாரமே ஒரு பிசியோவிடம் காட்டுங்கள். அதோடு சமையலறைக் காலண்டரில் மூன்று அணியின் பயிற்சி, ஆட்டம் எல்லாவற்றையும் நிமிடக் கணக்கோடு எழுதி, போட்டோ எடுத்து மூன்று கோச்சுக்கும் ஒரே குழுவில் அனுப்புங்கள். இவற்றில் எதை விடுவது என்று அவர்களே பேசிக்கொள்ளட்டும். ஒருத்தரும் விட்டுக்கொடுக்கவில்லை என்றால் புதன்கிழமைப் பயிற்சிக்கு நீங்களே அவனை அனுப்பாதீர்கள்.