பொதுநல விளம்பரங்கள்ல லாஜிக்கே இல்லாத வாசகம்னா உங்களுக்கு எது ஞாபகம் வரும்?

எனக்கு முதல்ல வர்றது டாஸ்மாக் பாட்டில்ல ஒட்டியிருந்த "மது நாட்டிற்கு, வீட்டிற்கு, உயிருக்கு கேடு". அந்த வரிசையை என்னால ஒத்துக்கவே முடியல. குடிக்கிறவனுக்கு முதல்ல போறது ஈரல், அடுத்து பொண்டாட்டி நகை, நாடு எல்லாம் அதுக்கப்புறம்தான், இங்க நாடு முன்னாடி வந்து நிக்குது உயிர் கடைசி சீட்ல உக்காந்திருக்கு. சரி நாட்டுக்கு கேடுன்னே வச்சுக்குவோம், விக்கிறது யாரு? 2003ல இருந்து சில்லறை மதுக்கடை மொத்தமும் அரசாங்கத்தோடதுதானே. கேடுன்னு தெரிஞ்சா கடையைக் குறைக்கணும், லேபிள் ஒட்டக் கூடாது. அப்புறம் 2019 வாக்குல லேபிளை மாத்தினாங்க, உடல்நலத்துக்கு தீங்கு, பாதுகாப்பா இருங்க, குடிச்சிட்டு வண்டி ஓட்டாதீங்கன்னு. நாடும் வீடும் காணாம போச்சு. அதோட, படிக்கிறவன் என்ன நினைப்பான், வண்டி ஓட்டலன்னா குடிக்கிறது பாதுகாப்புதான்னு நினைப்பான்!

அடுத்தது பஸ்ல இருக்குற "படியில் பயணம் நொடியில் மரணம்". கேக்க நல்லாருக்கு, ஆனா படிக்கு வராம எவன் இறங்க முடியும், கண்டக்டரே "இறங்கறவங்க முன்னாடியே வாங்க"ன்னுதான் கத்துறார். அதுவும் பல பஸ்ல இதை உள்பக்கம் மேல எழுதியிருப்பாங்க, தொங்குற பையனோட தலையோ வெளியில இருக்கும். காலேஜ் நேரத்துக்கு இன்னொரு பஸ் விட்டு, கதவும் வச்சிட்டா இந்த வாசகத்துக்கு வேலையே இல்ல.

சினிமால புகைபிடிக்கிறதைப் பத்தி வர்ற "உயிரைக் கொல்லும்" இன்னொண்ணு. உயிரை எடுக்கலாம், போக்கலாம், உயிரையே எப்படிங்க கொல்றது?

"தலைக்கவசம் உயிர்க்கவசம்" மேல எனக்கு உண்மையிலேயே கோவம் உண்டு, ஏன்னா இது ஆள் உயிரு சம்பந்தப்பட்டது. இதுல என்ன செய்யணும்னே சொல்லல. மாட்டு, அணி, போடு, ஒரு வார்த்தை கிடையாது, அதனாலதான் பாதி பேர் ஹெல்மெட்டை வண்டி கண்ணாடியில மாட்டிட்டு போறான், கேட்டா ஹெல்மெட் இருக்குல்லங்கிறான். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 129 பட்டையை இறுக்கி மாட்டணும்னு தெளிவா சொல்லுது. பட்டை போடாத ஹெல்மெட் விழுற வேகத்துல தலைக்கு முன்னாடி பறந்துடும். அந்தப் பட்டையைப் பத்தி எந்த போர்டுலயாவது பாத்திருக்கீங்களா?

ஒழுங்கா எழுதத் தெரியாமலும் இல்ல. போலியோ விளம்பரம் எப்படி இருந்துச்சு, அஞ்சு வயசுக்குள்ள குழந்தை, ரெண்டு சொட்டு, இந்த ஞாயித்துக்கிழமை, பக்கத்துல இருக்குற மையம். கையெழுத்து போடத் தெரியாத பாட்டிகூட பேரனைத் தூக்கிட்டு கிளம்பினாங்க. 2014ல இந்தியா போலியோ இல்லாத நாடாச்சு. தடுப்பு மருந்தும் ஊழியர்களும்தான் பெரிய காரணம், ஆனா அந்த வாசகத்துக்கும் அதுல பங்கு இருக்குன்னு நான் நம்புறேன்.

அதே சுகாதார ஆளுங்கதான் எங்க ஏரியா சுவர்ல "சுற்றுப்புறத்தைத் தூய்மையாக வைப்போம், டெங்குவை ஒழிப்போம்"னு எழுதி வச்சிருக்காங்க. ஜனங்களும் தெருவைக் கூட்டிட்டு சாக்கடைக்கு பிளீச்சிங் பவுடர் போட்டுட்டு நிம்மதியா இருக்காங்க. டெங்குவைப் பரப்புற ஏடிஸ் கொசுக்கு சாக்கடை வேணாம்ங்க, மாடியில கிடக்குற டயர், தேங்காய் சிரட்டை, மூடாத டிரம்மு, ஃப்ரிட்ஜ் பின்னாடி தட்டுல தேங்குற தண்ணி, இதெல்லாம்தான் வேணும். அந்தக் கொசு போடுற முட்டை, பாத்திரத்தோட பக்கவாட்டுல ஒட்டிக்கும், தண்ணியைக் கொட்டினா மட்டும் போகாது. "வாரம் ஒருக்கா தொட்டியைக் காலி பண்ணி நாரு போட்டுத் தேய்ங்க"ன்னு எழுதுங்க சார், எதுகை மோனை வராட்டி பரவால்ல.