சிட்னி ஓபரா ஹவுஸின் கூரைகள் எப்படி உருவாயின, எப்படிப் பாதுகாக்கப்படுகின்றன?

ஆஸ்திரேலியாவின் சிட்னி துறைமுகக் கரையில் நிற்கும் இந்தக் கலையரங்கத்துக்கான வடிவமைப்புப் போட்டியில் 1957-இல் வென்ற டென்மார்க் கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சன் வரைந்த கூரைகளுக்குத் திட்டமான வடிவக்கணிதம் இல்லாததால், அவற்றைக் கட்டும் வழி பல ஆண்டுகள் பிடிபடவில்லை. எல்லாக் கூரைகளையும் ஏறக்குறைய 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்தின் பரப்பிலிருந்து பெறலாம் என்று 1961-இல் கண்டதே திருப்புமுனை. வளைவு எங்கும் ஒன்றாகிவிட்டதால், கூரைகளைத் தாங்கும் வளைந்த கான்கிரீட் விலாக்களை அதே அச்சுகளில் திரும்பத் திரும்ப வார்க்க முடிந்தது. அந்த எளிமையே, என் பார்வையில், அதன் பேரழகு.

1966-இல் பணியிலிருந்து விலகிய உட்சன், 1973-இல் திறக்கப்பட்ட கட்டடத்தை நேரில் காணவே இல்லை என்பது மனத்தை வருத்துகிறது. எனினும் 1999-இல் அவரையே மீண்டும் அணுகி, எதிர்கால மாற்றங்களுக்கான வடிவமைப்புக் கொள்கைகளை எழுதச் செய்தது பாதுகாப்புக்கு உறுதியான அடித்தளமிட்டது. துறைமுகத்தின் உப்புக்காற்றுக்கு நடுவே, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பீங்கான் ஓடுகளில் தளர்வு உண்டா என்பதை, கயிற்றில் இறங்கித் தட்டிப்பார்த்து ஒலியால் அறிகிறார்கள்.